உழுந்தின் வேரும் தடைப்பட்டியலில் இருந்த யூரியாவும்

ஏ-9 வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே அமைந்துள்ள ஊர் கனகராயன்குளம். குளத்தின் கீழ் நெல், மேட்டுநிலத்தில் உழுந்து, பயறு, கௌபி, கச்சான் என்பது வன்னியின் பழைய பயிர்ச்செய்கை முறை. 1990களில் இப்பிரதேசத்தின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின் பட்டியலில் யூரியாவும் இடம்பெற்றிருந்தது. வெடிமருந்தாக மாற்றப்படலாம் என்பதே சொல்லப்பட்ட காரணம். யூரியா இல்லாமல் நெல் சோர்ந்துபோகும். உழுந்து அவ்வாறன்று. இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட விஞ்ஞான வரலாறு இருக்கிறது.

காற்றில் 78 வீதம் நைதரசன். ஆயினும் பயிர்கள் அதனை நேரடியாக உறிஞ்ச முடியாது. அவரையினப் பயிர்களின் வேர்ச் சிறுகணுக்களில் வாழும் பக்ரீரியாக்களே காற்றின் நைதரசனைப் பயிருக்கு உணவாக்குகின்றன என்பதை 1886இல் ஜேர்மனியரான ஹெல்றீகலும் வில்ஃபார்த்தும் வெளிப்படுத்தினர். 1888இல் ஒல்லாந்தரான பெய்யரிங்க் அந்த நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து வளர்த்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நொப்பே, ஹில்ட்னர் ஆகியோர் அதனை 'நைட்ரஜின்' என்ற பெயரில் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டனர்.

இதே வேலையைத் தொழிற்சாலையில் செய்யும் வழியை 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் செய்துகாட்டினார். 1913இல் ஜேர்மனியில் ஆலை இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மூண்ட முதலாம் உலகப்போரில் அதே நைதரசன் வெடிமருந்தாகவும் மாறியது. வன்னிக்கு வந்த தடைப்பட்டியலின் வேரை அங்கேதான் தேட வேண்டும் என்பது என் எண்ணம்.

எல்லாப் பக்ரீரியாவும் எல்லாப் பயிருக்கும் உதவுவதில்லை. உழுந்து, பயறு, கௌபி, கச்சான் ஆகியன நமது மண்ணில் இயல்பாக உள்ள இனங்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. வெளியிலிருந்து வந்த சோயா அவரைக்கு அதற்குரிய இனத்தை விதையோடு சேர்த்துக் கொடுப்பது பெரும் பயன் தரும். இலங்கையில் இத்துறையில் பேராசிரியர் எஸ்.ஏ.குலசூரிய நீண்டகாலம் உழைத்தார். கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் சோயாவுக்கான நுண்ணுயிர்ப் பசளை ஆராயப்பட்டது.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி முழு நாட்டுக்குமே தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. வன்னி முன்னரே கண்ட தட்டுப்பாட்டை அப்போது தெற்கும் கண்டது. இரு தடைகளும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் விவசாயியிடம் எவரும் கேட்கவில்லை.

பக்ரீரியா நெல்லுக்கு யூரியாவாகிவிடாது. அது உயிருள்ள பொருள். வெயிலில் வைத்தால் இறந்துவிடும். அதிக யூரியா இட்டாலோ சிறுகணுக்கள் குறைந்துபோகும். பூக்கும் பருவத்தில் ஒரு செடியைக் கிளறி எடுத்து, சிறுகணுவை நகத்தால் வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. உழுந்து விதைக்கும் வன்னி விவசாயி, பசளை மூடைக்குக் கடன்படுமுன் இந்தச் சோதனையைச் செய்துபார்க்க வேண்டும். அதற்குப் பணமும் வேண்டாம், எவருடைய அனுமதியும் வேண்டாம்.