புள்ளியும் கண்ணியும்

2012ஆம் ஆண்டில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் பதினான்கு வீடியோ விளையாட்டுகளைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ஜப்பானியரான தோரு இவாத்தானி வடிவமைத்து 1980இல் வெளிவந்த பாக்-மேன், மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் 1984இல் உருவாக்கிய டெட்ரிஸ் ஆகியவை அவற்றுள் அடங்கும். பிக்காசோவின் ஓவியங்கள் உறையும் இடத்தில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று விமரிசகர் சிலர் சினந்தனர். அருங்காட்சியகமோ திரையில் தோன்றும் உருவத்தோடு நில்லாமல், அதனைப் பிறப்பிக்கும் கணினி ஆணைத்தொடரையும் இயன்றவரை பெற விழைந்தது. சித்திரத்தை எழுப்பும் எழுத்தும் கலையின் பாற்பட்டதே என்னும் ஒப்புதல் அதில் இருந்தது.

பின்னலாடை மண்ணில் வாழும் நமக்கு இவ்வுண்மை புதிதன்று. பின்னல் துணியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினால் வரிசை வரிசையாகக் கண்ணிகள் தெரியும். ஒவ்வொரு கண்ணியும் திரையின் ஒரு படப்புள்ளிக்கு நிகர். எந்த ஊசி எழுந்து நூலைக் கொள்ள வேண்டும், எது வாளா இருக்க வேண்டும் என முன்கூட்டியே வகுத்தாலன்றித் துணியில் பூ மலராது. கட்டத்தாளில் நிரப்பப்பட்டுவந்த அவ்வகுப்பு இன்று கணினியில் நிரப்பப்படுகிறது.

இதன் வரலாறு தறியில் தொடங்குகிறது. பிரான்சு நாட்டு லியோன் நகரில் 1804இல் ஜோசப் மரி ஜக்கார்டு அமைத்த பொறியில், பாவு நூல்களுள் எவை எழ வேண்டும் என்பதை அட்டைத் துளைகள் தீர்மானித்தன. 1839இல் அவருடைய உருவமே சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்டது. கணினியின் முன்னோடியான பகுப்பாய்வு இயந்திரத்தைத் திட்டமிட்ட சார்லஸ் பாபேஜ், அதே துளையட்டைகளைக் கைக்கொண்டார். 1843இல் அவ்வியந்திரத்தை விளக்கிய ஏடா லவ்லேஸ் தறியையே உவமையாக்கினார்.

தமிழகத்தின் வாசற்கோலமும் இவ்வரலாற்றில் இடம்பெற்றது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், கோலத்தைச் சித்திர மொழியாகக் கொண்டு அதற்கு இலக்கண விதிகளை வகுத்தார். சில விதிகளிலிருந்து எண்ணற்ற கோலங்கள் பிறக்கும் என்பது யாப்பறிந்தார்க்கு வியப்பளிக்காது. தளைகள் ஒருசிலவே, அவற்றுள் அடங்கிப் பிறந்த வெண்பாக்களோ எண்ணிலடங்கா.

எனினும் வெண்பாவுக்குப் புலவர் பெயர் உண்டு. பாக்-மேனுக்கும் அருங்காட்சியகப் பதிவில் இவாத்தானியின் பெயர் உண்டு. சிறுமுகைப் பட்டுத்தறிக்கு அட்டை குத்தியவர் யார்? நம்மூர்த் துணிக்குக் கட்டத்தாள் நிரப்பியவர் யார்? கடல் கடக்கும் ஆடையின் கழுத்துப்பட்டியில் வாங்கும் வணிகரின் பெயரே தைக்கப்படுகிறது. மின்னணுத் தறி நுழைந்த இடங்களில் அட்டைக் கட்டுகளுக்கு வேலையில்லை. ஓலைச்சுவடிகளை இழந்து பின் வருந்திய இனம் நாம். பதிப்பாசிரியர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடிய காலத்திலும் செல்லரித்துப் போனவை பல.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம் கவிதைகளைத் தொகுத்தளிக்கிறது. அடுத்த பத்தாண்டில் அட்டைக் கட்டுகளையும் கட்டத்தாள்களையும் ஆக்கியோன் பெயரோடு தேடித் தொகுத்தல் வேண்டும். அவையும் இம்மண்ணில் எழுதப்பட்டவையே.