புயல் காற்றும் கூரையும்: வடிவத்துக்கு முன் பிணைப்பு

கடலோரத்தில் வீடு கட்டுவோர் கூரையைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் பொருளைப் பற்றியதாகவே இருக்கிறது: ஓடா, ஷீட்டா, கான்கிரீட்டா? கனமான கூரை நிற்கும், லேசானது பறக்கும் என்ற நம்பிக்கையிலிருந்து பிறக்கும் கேள்வி இது. ஆனால் புயல் கூரையை மேலிருந்து அழுத்தி உடைப்பதைவிட, மேல்நோக்கி உறிஞ்சித் தூக்குவதே அதிகம். அந்த இழுவை எவ்வளவு என்பதைக் கூரையின் வடிவம் தீர்மானிக்கிறது. இழுவை கைமரம், உத்திரம், சுவர் என்று இறங்கி அடித்தளத்தைச் சேருமா, வழியில் எங்காவது அறுந்துபோகுமா என்பதைப் பிணைப்பு தீர்மானிக்கிறது. பொருளுக்கு உரிய இடம் இவ்விரண்டுக்கும் அடுத்ததே என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரம், ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி (2015), சென்னைக்குத் தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் அழுத்தம் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமம். நிலப்பரப்பு, உயரம் முதலியவற்றுக்கான திருத்தங்களை இங்கே ஒதுக்கி வைக்கிறேன். 10 பாகைச் சரிவுள்ள தாழ்வான கூரையில், காற்று மோதும் பக்கத்துக்கு அத்தரம் தரும் அழுத்தக் கெழு −1.2, குறைக்குறி உறிஞ்சுதலைக் காட்டுகிறது. காற்று வரும் பக்கத்து ஜன்னலோ கதவோ பெயர்ந்து சுவரில் பெரிய திறப்பு உண்டானால், உள்ளிருந்து மேலே தள்ளும் அழுத்தமாக 0.7 சேர்கிறது. இரண்டின் அளவையும் கூட்டி அந்த 150 கிலோவால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 285 கிலோ அளவு தூக்குவிசை. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் இது இன்னும் மிகும். இரும்பு ஷீட்டின் எடை சதுர மீட்டருக்கு 5 கிலோ. மங்களூர் ஓட்டுக்குச் சுமார் 40 கிலோ. ஓடு ஷீட்டைவிட எட்டு மடங்கு கனமானதுதான், ஆயினும் இந்த விசைக்கு முன் இரண்டுமே எடையால் நிற்கப்போவதில்லை. புயல் எச்சரிக்கை வந்ததும் ஷீட்டின்மேல் ஏற்றிவைக்கும் மணல் மூட்டைகளின் நிலையும் இதுவே. 40 கிலோ மூட்டையைச் சதுர மீட்டருக்கு ஏழு வீதம் அடுக்கினாலொழியக் கணக்கு நேராகாது. அவ்வளவு பாரத்தை அந்தக் கூரை தாங்கவும் தாங்காது.

அதே தரத்தின் அட்டவணையில் சரிவை 30 பாகையாக உயர்த்தினால், தாழ்வான வீட்டில் காற்று மோதும் பக்கத்தின் கெழு −1.2இலிருந்து பூச்சியத்துக்கு வந்துவிடுகிறது. இதை மட்டும் பார்த்து, செங்குத்தான இருபக்கச் சரிவே போதும் என்று முடிவுகட்டுவது தவறு. காற்று முகட்டுக்கு இணையாக வீசும்போது அந்தக் கூரையின் இரு சரிவுகளிலும் உறிஞ்சுதல் −0.7 அளவுக்கு மீண்டும் வந்துவிடும். முனைகளிலுள்ள முக்கோணச் சுவர்கள் முழுத் தள்ளலையும் ஏற்க நேரும். காற்று ஒரே திசையில்தான் வீசும் என்றால் வீட்டைத் திருப்பி வைத்துத் தப்பலாம். ஆனால் புயலின் மையம் கடக்கும்போது திசை மாறுகிறது: வங்கக் கடலிலிருந்து மேற்கே நகரும் புயலின் பாதையில் இருக்கும் ஊருக்கு முதலில் வடக்கிலிருந்தும், மையம் கடந்தபின் தெற்கிலிருந்தும் காற்று அடிக்கும். எல்லாத் திசைக்கும் ஒரே விதமாக முகங்கொடுக்கும் நாற்புறச் சரிவுக் கூரை மேலானது என்பதற்கு இதுவே அடிப்படை. அதில் முக்கோணச் சுவரும் இல்லை. நான்கு சரிவுகளும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன. 1992 ஆகஸ்ட் 24 அன்று ஃபுளோரிடாவின் தென்பகுதியைத் தாக்கிய ஆண்ட்ரூ சூறாவளியில் முக்கோணச் சுவருள்ள வீடுகள் அந்த முனைகளிலிருந்தே சிதைந்தன. நாற்புறச் சரிவு வீடுகள் ஒப்பளவில் நன்றாக நின்றன. இன்று அம்மாநிலத்தில் நாற்புறச் சரிவுக் கூரைக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் சலுகை உண்டு.

ஆண்ட்ரூ காட்டிய இன்னொரு உண்மை வடிவத்தைவிட முக்கியமானது. கூரைப் பலகைகளை அறைந்த ஆணிகளும் பின்களும் பல வீடுகளில் கீழிருந்த மரச்சட்டத்தில் இறங்காமல், அதன் பக்கவாட்டில் வெறும் வெளியில் இறங்கியிருந்தன. பொருளிலும் வடிவத்திலும் குறையில்லாத கூரையையும் இந்த ஒரு பிசகு கழற்றிவிடும். இதற்கு 18 ஆண்டுகள் முன்னரே, 1974 கிறிஸ்துமஸ் அதிகாலையில், ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை ட்ரேசி புயல் அழித்திருந்தது. மணிக்கு 217 கிலோமீட்டர் வேகத்தைப் பதிவுசெய்தபின் விமான நிலையத்துக் காற்றுமானி செயலிழந்தது. சேதத்தை ஆராய்ந்த பொறியாளர் ஜார்ஜ் வாக்கரின் அறிக்கை திருகாணியின் தலையைச் சுற்றியிருந்த ஒரு சில மில்லிமீட்டர் தகட்டின்மேல் கவனத்தைத் திருப்பியது. ஒரே சீராக இழுத்துச் செய்த சோதனைகளில் தேறிய ஷீட்டுகள் அவை. புயலோ சீராக இழுப்பதில்லை. ஏறியிறங்கும் வீச்சாக மணிக்கணக்கில் இழுக்கிறது. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதைப் போல, திருகாணித் துளையைச் சுற்றித் தகட்டில் கீறல் விழுந்து, வளர்ந்து, கடைசியில் திருகாணி மரத்திலேயே நிற்க ஷீட் மட்டும் தலையைத் தாண்டிக் கழன்று போயிருக்கிறது. திருகாணித் தலைக்கடியில் அகன்ற வாஷர், ஓரங்களில் நெருக்கமான இடைவெளி, மீள்சுமைச் சோதனை ஆகியவை அதன்பின் அங்கே நடைமுறைக்கு வந்தன. புயல்நிலத்துக் கட்டடங்களுக்கென்றே டவுன்ஸ்வில்லிலுள்ள ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் 1977இல் ஒரு சோதனை நிலையமும் தொடங்கப்பட்டது.

கான்கிரீட் தளம் போட்டுவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாமே என்ற மறுப்பு வலுவானது. அதை ஏற்கவே வேண்டும். 10 சென்டிமீட்டர் தளம் சதுர மீட்டருக்கு 250 கிலோ. மேற்கண்ட தூக்குவிசையில் பெரும்பங்கை அதன் எடையே சமன்செய்துவிடும். வசதியுள்ளவர்க்குப் புயலைப் பொறுத்தவரை அதுவே நல்ல தெரிவு. ஆயினும் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயரும் தளத்தைப் பராமரிக்கவும் பணம் வேண்டும். அது இல்லாதவர்கள் ஷீட்டின்கீழ்தான் வாழ்வார்கள். கூரை ஆய்வு முதலில் அவர்களுக்குத்தான் கடமைப்பட்டிருக்கிறது. வேறு சிலர், கூரை லேசாகப் பறந்துபோனால் சுவராவது தப்பும் என்கிறார்கள். டார்வின் அனுபவம் இதற்கு நேர்மாறானது: கூரை போனதும் மேல்முனையில் பிடிப்பிழந்த சுவர்கள் சாய்ந்தன, பறந்த தகடுகளும் மரத்துண்டுகளும் அடுத்த வீடுகளின் ஜன்னல்களை உடைத்து, அங்கே அந்த 0.7ஐச் சேர்த்தன. என் வீட்டுக் கூரையை நான் விட்டுக்கொடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருடையதை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமையில்லை. நாற்புறச் சரிவில் ஷீட்டைக் கோணலாக வெட்ட வேண்டியிருப்பதால் சேதாரமும் கூலியும் கூடும் என்ற மறுப்பு மட்டும் எளிதில் தீராதது. கையிலிருக்கும் பணம் வடிவம், பிணைப்பு இரண்டில் ஒன்றுக்கே போதும் என்றால், இருபக்கச் சரிவையே வைத்துக்கொண்டு பிணைப்புக்குச் செலவிடச் சொல்வேன். திண்ணைக்கான சாய்ப்பையும் தனிச் சட்டத்தில் அமைக்க வேண்டும்; கீழிருந்து தள்ளலும் மேலிருந்து இழுவையும் சேர்ந்து தாக்கும் பகுதி அது, பிய்ந்தாலும் முதன்மைக் கூரையை இழுத்துச் செல்லக் கூடாது.

ஐ.எஸ். 875 கிழக்குக் கடற்கரையோர 60 கிலோமீட்டர்ப் பட்டையில், புயலுக்குப் பின்னும் இயங்க வேண்டிய கட்டடங்களுக்கு வடிவமைப்பு வேகத்தை 1.30 மடங்காக்குகிறது, சாதாரண வீட்டுக்கு அந்தக் காரணி 1 மட்டுமே. அந்த 1கூட ஷீட் வீடுகளை எட்டுவதில்லை, ஏனெனில் அவற்றைப் பொறியாளர் வரைவதில்லை. கொத்தனாரும் வெல்டரும் கட்டுகிறார்கள். இரும்புக் குழாயைச் செங்கல் சுவரின்மேல் வைத்துச் சிமெண்டு கலவையால் மூடுவதோடு அங்கே பிணைப்பு முடிந்துவிடுகிறது. அக்கலவை குழாயை நகராமல் வைக்கும், மேலே தூக்கினால் பிடிக்காது. குழாயைச் சுற்றி வளைத்த கம்பி சுவருக்குள் இறங்கி, சுவர் உச்சியில் ஓடும் கான்கிரீட் பட்டையில் பதிந்திருக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் கரைகடந்த வேதாரண்யம் பக்கத்து ஊர்களில் ஷீட் வேயும் ஒவ்வொரு வெல்டரின் கையிலும் திருகாணி இடைவெளியையும் வாஷர் அளவையும் இந்தக் கம்பியின் பதிவாழத்தையும் சொல்லும் ஒற்றைத் தாள் இருக்க வேண்டும். வீட்டுக் கடனும் மானியமும் தரும் அலுவலகங்கள் கடைசித் தவணையை விடுவிக்குமுன், சுவரின் நிறத்தைப் பார்ப்பதற்குப் பதில் ஏணி வைத்து ஏறி இந்த மூன்றையும் அளந்து பார்க்க வேண்டும்.