ஆல்டர்னேட்டர் இரைச்சல்

கார் ஸ்பீக்கரில் பாட்டோடு சேர்ந்து கேட்கும் மெல்லிய ஊளை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். ஆல்டர்னேட்டரின் மாறுதிசை மின்சாரத்தை டயோடுகள் நேர்திசை மின்சாரமாக்கும்போது எஞ்சும் சிற்றலைகளே இதன் மூலம். ஆனால் அதை ஸ்பீக்கர்வரை கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் எர்த் இணைப்புதான். ஸ்டீரியோவும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு இடங்களில் எர்த் செய்யப்பட்டு, இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருந்தாலும், இரண்டையும் இணைக்கும் ஆர்.சி.ஏ. கேபிளின் உறை வழியே மின்னோட்டம் பாய்ந்துவிடும்.

சிஸ்டத்தை அணைத்து, ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஆர்.சி.ஏ. கேபிள்களைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கினால் பாதி தெரிந்துவிடும். இரைச்சல் தொடர்ந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபயரிலோ அதன் மின்வழியிலோ இருக்கிறது. நின்றால் கேபிளையும் ஸ்டீரியோவையும் எர்த்தையும் பார்க்க வேண்டும். எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே முடுக்கிவிடுவது வழக்கமான அலட்சியம். பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று உலோகம் தெரிந்த பிறகே போல்ட்டை இறுக்க வேண்டும். பவர் கேபிளை ஒரு பக்கமும் ஆர்.சி.ஏ. கேபிளை மறுபக்கமும் கொண்டுசெல்வது நல்லது. இரைச்சலைத் தடுக்கும் ஐசொலேட்டர் கடைசி வழியாகவே இருக்கட்டும். மலிவானவை பேஸ் ஒலியைத் தின்றுவிடும். ஹெட்லைட்டும் சேர்ந்து மினுக்கினால் ஆல்டர்னேட்டர் டயோடையே சோதிக்க வேண்டும்.