அம்பு முனை மாறிய கதை: நிலை அலகா, விரி அலகா?

போன தவணையில் படிவம் ஐந்து மாணவர்களுக்குக் காரணம்–விளைவு பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "புதிய கருவி வந்தால் பழைய கருவி மறைந்துவிடும்" என்று வெண்பலகையில் ஒரு வரி எழுதினேன். வில்வித்தைக் கழகத்தில் இருக்கும் ஒரு மாணவன் கையைத் தூக்கினான். "சார், அப்படின்னா அமெரிக்காவுல மடங்கி விரியுற அம்பு முனை வந்த பிறகும் ஏன் பழைய முனையை இன்னும் விக்கிறாங்க? எது நல்லதுன்னு ஏன் இன்னும் சண்டை போட்டுக்கிறாங்க?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. "அடுத்த வாரம் சொல்றேன்" என்று சமாளித்தேன். அந்த வாரம் படித்ததுதான் இந்தக் கட்டுரை. வேட்டையை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ இங்கே பேச்சில்லை. ஒரு சின்ன இரும்புத் துண்டு ஏன் மாறியது, ஏன் முழுதாக மாறவில்லை என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் சொற்கள். வேட்டைக்குப் பயன்படும் அகலமான, கூரிய விளிம்புள்ள அம்பு முனையை 'பிராட்ஹெட்' என்பார்கள். அதில் இரண்டு வகை உண்டு. அலகுகள் அசையாமல் நிற்பது நிலை அலகு முனை. பறக்கும்போது அலகுகள் உடலோடு ஒட்டி மடங்கியிருந்து, இலக்கில் பட்டதும் விரிவது விரி அலகு முனை. துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் சிதைப்பதாலும் கொல்லும். அம்பு அப்படியில்லை, வெட்டித்தான் கொல்லும். இரத்தக் குழாயையோ நுரையீரலையோ அறுத்தால் மான் சில விநாடிகளில் விழும். சரியாக அறுக்காவிட்டால் காட்டுக்குள் ஓடிப்போய் எங்கேயோ வலியோடு கிடக்கும். முனையைப் பற்றிய வாதம் முழுவதும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கும்.

அமெரிக்காவின் நவீன வில் வேட்டை ஒரு சோகத்திலிருந்து தொடங்குகிறது. 1911 ஆகஸ்டில், வட கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில், ஓர் இறைச்சிக் கொட்டகை அருகே பசியால் மெலிந்த ஒருவர் பிடிபட்டார். யாஹி என்ற பழங்குடியில் எஞ்சியிருந்த கடைசி மனிதர் அவர். அவருடைய மக்களில் பெரும்பாலோர் வெள்ளைக் குடியேறிகளால் கொல்லப்பட்டிருந்தனர். தம் பெயரை அவர் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. 'இஷி' என்றால் அவர்கள் மொழியில் 'மனிதன்' என்றுதான் பொருள். அந்தப் பெயரிலேயே உலகம் அவரை அறிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் அவரைத் தங்கவைத்தார்கள். பக்கத்து மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த சாக்ஸ்டன் போப் அவருக்கு நண்பரானார். வில் செய்வது, அம்பு செய்வது, மானை நெருங்குவது எல்லாவற்றையும் இஷியிடமே கற்றுக்கொண்டார்.

இஷி தம் முனைகளை எரிமலைக் கண்ணாடிக் கல்லில் செய்தார். புட்டிக் கண்ணாடி கிடைத்தால் அதிலும் செய்தார். கூரான கருவியால் விளிம்பை அழுத்தி, சிம்பு சிம்பாகப் பெயர்த்தெடுத்து உருவாக்குவார். போப் பிற்பாடு எஃகு முனையையும் கல் முனையையும் எய்து ஒப்பிட்டுப் பார்த்தார். எஃகுதான் வெல்லும் என்று நாம் நினைப்போம். ஆனால் மான் தோலையும் தசையையும் போன்ற பொருளில் கல் முனைதான் ஆழமாகப் போனது. எஃகுக்கு வேறு பலம்: எலும்பில் பட்டாலும் எளிதில் உடையாது. ஆகவே போப் எஃகையே கையில் எடுத்தார். மாணவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 'எது கூர்மை' என்ற கேள்வியும் 'எது நம்பகம்' என்ற கேள்வியும் ஒன்றல்ல என்பது 100 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

1916இல் இஷி காசநோயால் இறந்தார். போப் 1923இல் வில் வேட்டையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்த நூலைப் படித்துப் பலர் வில்லைத் தேடிப் போனார்கள். 1934இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லாளர்களுக்கென்றே ஒரு மான் வேட்டைப் பருவத்தைத் திறந்தது. சட்டம் அனுமதித்ததும் சந்தை பிறந்தது. மிச்சிகனில் பிரெட் பேர் என்பவர் வில் தயாரிப்பைப் பெரிய தொழிலாக்கி, 1956இல் 'ரேசர்ஹெட்' முனையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நிலை அலகோடு சவர அலகு போல மெல்லிய இன்னோர் அலகைச் செருகிக்கொள்ளலாம். அதுவரை ஆளுக்கு ஆள் அரம் வைத்துத் தீட்டிய முனை, கடையில் வாங்கும் பொருளாயிற்று.

இதுவரை விரி அலகுக்குத் தேவையே எழவில்லை. தேவையை உண்டாக்கியது முனை அல்ல, வில்.

மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன் என்பவர் வில்லின் இரு நுனிகளிலும் கப்பிகளைப் பொருத்திப் பார்த்தார். 1969இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதுதான் காம்பவுண்ட் வில். முழுதாக இழுத்த பிறகு கையில் தாங்க வேண்டிய பாரம் சட்டென்று குறைந்துவிடும். இன்றைய 70 பவுண்டு வில்லில் 80 விழுக்காடு குறைந்தால், கையில் நிற்பது வெறும் 14 பவுண்டுதான். நிதானமாகக் குறி பார்க்கலாம். அம்பும் மிக வேகமாகப் போகும்.

வேகம் கூடினால் நல்லதுதானே? இல்லை, இங்கேதான் சிக்கல். நிலை அலகு என்பது அம்பின் மூக்கில் ஒட்டிய சிறிய இறக்கை. வில்லிலிருந்து அம்பு ஒரு இம்மி கோணலாகக் கிளம்பினாலும் அந்த இறக்கை காற்றைப் பிடித்து அம்பை ஒரு பக்கம் இழுக்கும். காற்றின் விசை வேகத்தின் இருமடியில் கூடும். மரவில்லில் விநாடிக்கு 160 அடி போன அம்பு, காம்பவுண்ட் வில்லில் 280 அடி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் ஒன்றே முக்கால் மடங்கு, விசையோ மூன்று மடங்கு! மைதானத்தில் பயிற்சி முனையோடு நடுவட்டத்தில் குத்திய அம்பு, வேட்டை முனை மாட்டியதும் ஒரு சாண் தள்ளிப் போய் விழுந்தது. சில விரல்கடை தவறினால் நுரையீரலுக்குப் பதில் வயிறு. பட்ட விலங்குக்கு அது நீண்ட சாவு.

அதனால்தான் அலகை மடக்கினார்கள். மடக்கும் யோசனை அதற்கு முன்பே சிலருக்கு வந்ததுதான், ஆனால் பரவலாகச் சந்தையைப் பிடித்தது 1990களில். ரப்பர் வளையமோ சிறு பிடிப்போ அலகுகளைப் பிடித்து வைத்திருக்கும். காற்றில் பயிற்சி முனை போலவே பறக்கும். பட்டதும் விரிந்து, சில வகைகளில் 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டும். நிலை அலகு பெரும்பாலும் 3 சென்டிமீட்டர் அளவுதான்.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. விரிவதற்கு ஆற்றல் வேண்டும், அகலமாக வெட்டிக்கொண்டு உள்ளே போக இன்னும் அதிக ஆற்றல் வேண்டும். ஒரு கணக்கு போடலாம். 400 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 26 கிராம் எடையுள்ள அம்பு விநாடிக்கு 280 அடியில் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 94 ஜூல். 500 கிரெய்ன் அம்பு மரவில்லிலிருந்து 160 அடியில் போனால் சுமார் 38 ஜூல்தான். முதலாவதற்கு விரி அலகின் செலவைத் தாங்க முடியும். இரண்டாவது, விரிவதிலேயே பாதிச் சக்தியைத் தொலைத்துவிட்டு விலா எலும்பில் நின்றுவிடக்கூடும். தவிர, அசையும் பாகம் உள்ள எதுவும் ஒரு நாள் அசையாமல் போகலாம். இந்தப் பயத்தால்தான் ஐடஹோ, ஒரிகன் போன்ற மாநிலங்கள் பெரிய விலங்கு வேட்டையில் விரி அலகை நீண்ட காலம் அனுமதிக்கவில்லை. அங்கே வேட்டையாடுவது எல்க் என்ற பெரிய மானை. கிழக்கு மாநிலங்களில் பெரும்பாலும் அதைவிடச் சிறிய வெண்வால் மான். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறியதில் விலங்கின் உடல் அளவுக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

சரி, யார் சொன்னது உண்மை? மேரிலாந்து மாநிலத்தில் இந்தியன் ஹெட் என்ற கடற்படைத் தளம் இருக்கிறது. அங்கே மான் தொகையைக் கட்டுப்படுத்த வில்லாளர்களை அனுமதித்து, பட்ட மான்களையும் கிடைத்த மான்களையும் 1989 முதல் பதிவுசெய்து வந்தார்கள். அந்தப் பதிவில் நிலை அலகு பட்ட 1,066 மான்களில் 874 கிடைத்தன, அதாவது 82 விழுக்காடு. விரி அலகு பட்ட 209இல் 190 கிடைத்தன, ஏறத்தாழ 91 விழுக்காடு. "பார்த்தீங்களா, விரி அலகே வென்றது!" என்று முடித்துவிடத் தோன்றும். என் வகுப்பில் பாதிப்பேர் அப்படித்தான் முடித்தார்கள்.

தேர்வில் மதிப்பெண் போவது இந்த இடத்தில்தான். சான்றைக் கேள்வி கேளுங்கள். ஒரு தொகுதி மற்றொன்றைப் போல ஐந்து மடங்கு பெரியது. அங்கே வேட்டையாட வந்தவர்கள் முதலில் எய்யும் திறனைக் காட்டித் தேறியவர்கள். சாதாரண வேட்டைக்காரர்கள் அல்ல. எல்லாமே வெண்வால் மான்கள், எல்க் ஒன்றுகூட இல்லை. கிடைக்காத மான் எல்லாம் செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது, சில பிழைத்திருக்கும். ஆக இந்தப் பதிவு சொல்வது ஒன்றுதான்: தேர்ந்த கை, வலுவான நவீன வில், நடுத்தர விலங்கு என்றால் விரி அலகு மோசமில்லை, மேலாகவும் இருக்கலாம். 40 பவுண்டு வில் வைத்திருப்பவரைப் பற்றியோ எல்க் வேட்டையைப் பற்றியோ இது வாயே திறக்கவில்லை.

அடுத்த வாரம் அந்த மாணவனிடம் இதையெல்லாம் சொன்னேன். இழுவை குறைந்த வில், கனமான அம்பு, பெரிய விலங்கு என்றால் நிலை அலகு. வேகமான வில், நடுத்தர மான் என்றால் விரி அலகு. அதனால்தான் கடையில் இரண்டுமே தொங்குகின்றன என்றேன். வெண்பலகையில் எழுதிய என் வரியையும் அவனையே அழிக்கச் சொன்னேன். அழித்துவிட்டுத் திரும்பி, "சார், என் வில்லு 24 பவுண்டுதான், அதுக்கு எந்த முனை?" என்று சிரித்தான். "உனக்குக் காகித இலக்கு, பயிற்சி முனை" என்றேன்.