வட எல்லையில் நினைவுக்கல்லும் சிலையும்

பள்ளிப்பட்டும் திருத்தணியும் அடங்கிய தொண்டை மண்டலத்தின் வடபகுதியில், தனி ஒருவருக்கு ஊர்ப்பொதுவில் நினைவுச்சின்னம் எழுப்பும் வழக்கின் மூத்த வடிவம் நடுகல். ஆநிரையை மீட்கப் போய் மாண்டவனுக்கு ஊரார் கல் நட்டனர். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை அதற்குரிய ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. தெற்கே செங்கம் வட்டாரத்தில் கிடைத்த கல்வெட்டுள்ள கற்களைத் தமிழகத் தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது. மேற்கே சித்தூர்ப் பகுதியிலும் பாண அரசர் காலத்து வீரக்கற்கள் உண்டு. மாண்டவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்ற பெயரில் நிலம் விடுவதும் வழக்கம். ஆகவே நடுகல்லை வெறும் சிற்பமாகப் பார்த்தால் பாதிதான் விளங்கும். அதைப் பேணும் கையும் பேணுவதற்கான வருமானமும் பல வேளைகளில் சேர்ந்தே ஏற்படுத்தப்பட்டன.

வீரனல்லாதவர் பெயர் நிலைக்கக் கோயில் சுவர் இடம் தந்தது. திருத்தணியில் நந்தியாற்றங்கரைக்கு அருகிலுள்ள வீரட்டானேசுவரர் கோயிலை 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவன் அபராசிதன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் கற்றளியாக எடுப்பித்தார். அதைப் பாராட்டும் தமிழ் வெண்பா ஒன்று அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. அதைப் பாடியவன் அரசனே என்று கல்வெட்டே சொல்கிறது. குடிமகன் ஒருவரின் செயலை அரசன் பாடி, அது பொது இடத்தில் நின்றது அரிய நிகழ்ச்சி. இன்று கோயில் படியிலும் குழல்விளக்கிலும் காணும் ‘உபயம்’ அந்த மரபின் எளிய வாரிசு. விளக்கின் வெளிச்சத்தை எழுத்து மறைக்கும் அளவுக்குச் சில இடங்களில் அது வளர்ந்திருக்கிறது.

சாலையோரச் சுமைதாங்கிக் கல் இன்னொரு வகை. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக, தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கும் உயரத்தில் அதை நிறுத்தினர். உருவமில்லை, பல கற்களில் பெயருமில்லை. பயன்பட்டவரை அது பேணப்பட்டது. தலைச்சுமை குறைந்து சாலைகள் அகன்றபின் பல இடங்களில் மறைந்தது.

வழிபாடும் பயனும் இல்லாமல், பார்ப்பதற்கென்றே உருவச்சிலை வைப்பது ஆங்கிலேயர் காலத்தில் பரவிய பழக்கம். சென்னையில் தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை 1839இல் நிறுவப்பட்டது. சிலை மரியாதையோடு எதிர்ப்பையும் ஈர்க்கும் என்பதும் அங்கேதான் தெரிந்தது: 1857 கிளர்ச்சியைக் கொடுமையாக ஒடுக்கிய நீல் என்பவரின் சிலையை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது, 1937இல் ராஜாஜி அமைச்சரவை அதை அருங்காட்சியகத்துக்கு மாற்றியது.

பள்ளிப்பட்டுப் பகுதியின் நினைவுகளுக்குத் தனி நிறம் தந்தது எல்லைச் சிக்கல். கார்வேட்டிநகர் ஜமீனின் ஆட்சியில் இருந்த இவ்வட்டாரம் 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. தனி ஆந்திரம் கேட்டு உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று சென்னையில் உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுதும் அதற்குள் போனது. ம.பொ. சிவஞானம் 1946இல் தொடங்கிய தமிழரசுக் கழகம் வட எல்லைப் போராட்டத்தை நடத்தியது. உள்ளூரில் மங்கலங்கிழாரும் வழக்கறிஞர் கே. விநாயகமும் அதற்குத் தோள் கொடுத்தனர். பிறகு நடுவர் படாஸ்கரின் பரிந்துரைப்படி 1959இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டுத் துணைவட்டமும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. ஈடாகச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின.

இப்போராட்டத்தின் நினைவு சிலையைவிடப் பெயரிலேயே தங்கியது. திருத்தணியில் ஒரு சாலை ம.பொ.சி. பெயரால் வழங்குகிறது. எதிர்த்தரப்பின் நினைவிடமோ, ஸ்ரீராமுலு உயிர்நீத்த வீடாக, சென்னை மயிலாப்பூரிலேயே இருக்கிறது. பிரிந்துபோன மாநிலத்தின் தியாகிக்குப் பிரியாத நகரத்தில் இடம் கிடைத்திருப்பது இரு தரப்புக்கும் பெருமைதான். எல்லைப் போராட்டத்தில் பங்கேற்றவர்களுக்குத் தமிழ் வளர்ச்சித் துறை ‘எல்லைக் காவலர்’ என்ற பெயரில் மாத உதவித்தொகை வழங்கிவருகிறது. உதிரப்பட்டியின் நோக்கத்துக்கு மிக அருகில் வருவது எந்த வெண்கலச் சிலையையும்விட இந்த உதவித்தொகைதான்.

ஊர்தோறும் சிலை என்ற நிலைக்கு 1968 ஜனவரியில் சென்னையில் நடந்த உலகத் தமிழ் மாநாடு பெரிய உந்துதல். வள்ளுவர், ஔவையார், கண்ணகி முதல் போப், கால்டுவெல் வரை பத்துச் சிலைகள் கடற்கரையில் நின்றன. அடுத்து வந்த சில பத்தாண்டுகளில் சிற்றூர் முச்சந்திகளிலும் பேருந்து நிலைய முகப்புகளிலும் பெரியார், அம்பேத்கர், காமராசர், அண்ணா, எம்.ஜி.ஆர். எனச் சிமென்டு உருவங்கள் பெருகின. கட்சிக்காரர்களும் நற்பணி மன்றத்தாரும் திரட்டிய பணத்தில் சிலை எழுந்தது. திறப்பு விழாவுக்குப் பின் ஆண்டு முழுவதும் யார் பேணுவது என்பதற்குப் பெரும்பாலும் ஏற்பாடில்லை. பிறந்தநாளில் மாலை, மற்ற நாளில் தூசு. சாதிப் பூசல் மிகுந்த ஊர்களில் சிலைமீது விழும் செருப்பு மாலை கலவரமாக மூண்டதால் பல சிலைகள் இரும்புக் கூண்டுக்குள் போயின.

பெயர் சூட்டலும் இதற்குத் தப்பவில்லை. பேருந்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டி எழுந்த சாதி மோதல்களுக்குப் பின், 1997இல் தமிழக அரசு மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. பள்ளிப்பட்டு அடங்கியிருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் பிரிந்தபோது, புதிய மாவட்டத்துக்குத் திருவள்ளூர் என்று ஊர்ப்பெயரே நிலைத்தது.

பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க மாநிலங்கள் அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று உத்தரவிட்டது. சென்னை காமராசர் சாலையில் 2006இல் வைக்கப்பட்ட சிவாஜி கணேசன் சிலை, போக்குவரத்துக்கு இடையூறு என்ற வழக்குக்குப் பின், 2017 ஆகஸ்டில் அடையாற்று மணிமண்டபத்துக்குப் பெயர்க்கப்பட்டது. அதுமுதல் சாலைச் சந்திக்கு மாற்றாக மணிமண்டபமும் அரசு வளாகமும் முன்னுக்கு வந்துள்ளன. அங்கே காவலரும் துப்புரவுப் பணியாளரும் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள்.