அடுத்தவர் வேலைக்காகச் செய்த ஹெட்போன்

ஸ்டுடியோ ஹெட்போன் வாங்கப் போய்ப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் சில விவரங்கள் அச்சாகியிருக்கும்: மூடிய வகை, 250 ஓம், சுருள் ஒயர், 3.5 மி.மீ. பின், அதன்மேல் திருகிக்கொள்ள ஒரு தடித்த 6.3 மி.மீ. பின். இதெல்லாம் எதற்கு என்று கடைக்காரரைக் கேட்டால், "புரொஃபஷனல் மாடல் சார்" என்று முடித்துவிடுவார். எந்தப் புரொஃபஷன் என்பதுதான் விஷயம். அந்தத் தடித்த பின்னுக்குப் பூர்வீகம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். ஓம் கணக்கில் ரேடியோக்காரர்களின் கை இருக்கிறது. மூடிய கிண்ணம் மைக் முன்னால் நிற்கும் பாடகருக்காக வந்தது. நம்மை நினைத்துச் செய்த உறுப்பு அதில் அநேகமாக எதுவுமே இல்லை. அடுத்தவர் வேலைக்குச் செய்த கருவியை நாம் தலையில் மாட்டிக்கொள்கிறோம். யாருடைய வேலைக்குச் செய்தது என்று தெரிந்தால் வாங்குவது சுலபம்.

1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் திறந்தது. சந்தாதாரர்கள் பெருகியதும், யாரை யாரோடு இணைப்பது என்பதைச் சட்டென்று செய்ய ஒரு வழி தேவைப்பட்டது. சிகாகோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்த சார்லஸ் ஸ்க்ரிப்னர் போன்றவர்கள் சொருகிப் பிடுங்கும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். கயிற்றின் முனையில் பின், பலகையில் ஓட்டை. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த நம் வீட்டுப் பெரியவர்களின் அழைப்புகளும் அந்த வம்சத்துப் பின் வழியாகத்தான் போயின. வானொலி நிலையங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் பின்னால் தோன்றியபோது, புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க மெனக்கெடாமல் டெலிபோன்காரர்களிடமிருந்தே அதை எடுத்துக்கொண்டன. கொஞ்சம் மாறினாலும் அந்த உருவம் நூற்றைம்பது வருஷமாகச் சாகவில்லை.

ஆபரேட்டருக்கு இரண்டு கையும் பலகையில் வேண்டும். ரிசீவரை யார் பிடிப்பது? 1880-களில் எஸ்ரா கில்லிலண்ட் என்பவர், ரிசீவரையும் பேசும் குழலையும் ஒரு சட்டத்தில் பொருத்தி ஆபரேட்டரின் தோளில் ஏற்றிவிட்டார். காவடி மாதிரி கிலோக்கணக்கில் கனத்த சாதனம் அது. தலையில் மாட்டும் ஹெட்போனின் கொள்ளுப்பாட்டன் தோளில்தான் பிறந்தான்.

அதே சமயம் அட்லாண்டிக்கின் மறுகரையில் இதே கருவிக்கு உல்லாசமான ஒரு வேலை கிடைத்தது. 1881-ல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் க்ளெமோன் அதேர் என்ற பொறியாளர், ஓபரா அரங்கின் மேடை முன்வரிசையில் ஒலிவாங்கிகளைப் பதித்து, கண்காட்சிக் கூடம் வரை கம்பி இழுத்தார். வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு ரிசீவர்களைக் காதில் பொத்திக்கொண்டார்கள். இரண்டும் மேடையின் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்ததால், பாடகி இடமிருந்து வலமாக நடப்பது காதுக்குத் தெரிந்தது. ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வர இன்னும் முக்கால் நூற்றாண்டு இருந்தது! விக்டர் ஹியூகோ கேட்டு மகிழ்ந்தவர்களில் ஒருவர். 1890-ல் இது 'தியாத்ரோஃபோன்' என்ற கம்பெனியானது. ஹோட்டல்களில் காசு போட்டால் சில நிமிடம் ஓபரா கேட்கலாம். நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்ட் 1911-ல் சந்தா கட்டி, படுக்கையிலிருந்தே இசை நாடகம் கேட்டார். லண்டன் 1895-ல் 'எலெக்ட்ரோஃபோன்' என்று இதைக் காப்பியடித்தது. அங்கே தேவாலயப் பிரசங்கமும் கம்பியில் வந்தது. இரண்டையும் பின்னால் ரேடியோ விழுங்கிவிட்டது.

தலைக்கு வந்த கதை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஒரு சமையலறையில் நடக்கிறது. நதானியேல் பால்ட்வின் மார்மன் சமயத்தவர். பெரிய ஜெப மண்டபத்தில் பிரசங்கம் சரியாகக் கேட்கவில்லை என்ற குறைதான் அவரை ஒலிக்கருவிகளின் பக்கம் தள்ளியது என்பார்கள். 1910-ல் அவர் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஊதா மை, நீலமும் இளஞ்சிவப்புமான தாள். இப்படி வரும் கடிதத்தை எந்த அலுவலகமும் குப்பையில்தான் போடும். கடற்படையில் ஒருவர் போடவில்லை. கூடவே வந்த மாதிரியைச் சோதித்தார்கள். கையிலிருந்த ரிசீவர்களையெல்லாம் அது தூக்கிச் சாப்பிட்டது. ஆர்டர் கொடுக்கலாமென்றால், சமையலறையில் ஒரு தடவைக்குப் பத்துதான் செய்ய முடியும் என்று பதில் வந்தது. தலைப்பட்டை உறுத்துகிறது என்று கடற்படை முறையிட்டதும், தோல் சுற்றிய கம்பிகளை வைத்து, மேலும் கீழும் நகர்த்தி அளவு சரிசெய்யும்படி மாற்றிக் கொடுத்தார். இன்று எந்த ஹெட்போனை எடுத்தாலும் இந்த ஏற்பாடு ஏதாவது ஒரு வடிவில் இருக்கும். அதற்குக் காப்புரிமை எடுங்கள் என்று சொன்னபோது, இவ்வளவு அற்ப விஷயத்துக்கா என்று அவர் விட்டுவிட்டார். முதல் உலகப் போர் அவரைப் பணக்காரராக்கியது. பலதார மணத்தை ஆதரித்த குழுவினருக்குக் கொடுத்த பணமும் தவறான முதலீடுகளும் 1924-ல் அவரைத் திவாலாக்கின. கடைசியில் தபால் மோசடி வழக்கில் சிறைக்கே போனார்.

பால்ட்வின் விட்டதை 1920-களின் ரேடியோ மோகம் பிடித்துக்கொண்டது. கிரிஸ்டல் செட்டுக்கு பேட்டரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஏரியலில் விழும் துளி சக்தியை அப்படியே காதுக்குத் தரும். ஹெட்போன் இல்லாவிட்டால் அதில் எதுவும் கேட்காது. அந்தத் துளியை வீணாக்காதிருக்க, மயிரிழைக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றினார்கள்; அதனால்தான் அக்காலத்து ஹெட்போன்களில் 2000 ஓம் சாதாரணம். அதே பத்தாண்டில் கொழும்பில் எட்வர்ட் ஹார்ப்பர் தலைமையில் தந்தி இலாகா பொறியாளர்கள், பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்பி செய்து, மத்திய தந்தி அலுவலகத்தின் சின்ன அறையிலிருந்து கிராமபோன் பாட்டை அனுப்பினார்கள். இலங்கை வானொலியின் வேர் அது. சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் ரேடியோ கிளப் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. ஒலிபெருக்கி மலிவாகும் வரை, வீட்டில் வானொலி என்றால் ஒருவர் காதில் மாட்டிக்கொள்ள மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என்றுதான் உலகம் முழுக்க இருந்தது.

இதுவரை வந்தவை பேச்சுக்குத் தோதானவை. காந்தத்தின் முன்னால் ஒரு உலோகத் தகடு அதிரும். குரல் புரியும், ஆனால் வயலின் தகரமாகக் கேட்கும். பெர்லினில் சினிமாக் கொட்டகைகளுக்கு ஒலிபெருக்கி செய்துகொண்டிருந்த ஆய்கன் பேயர் 1937-ல் ஒலிபெருக்கியையே சுருக்கிக் காதுக்குக் கொண்டுவந்தார். அதிரும் சவ்வோடு கம்பிச் சுருளும் சேர்ந்து நகரும் முறை. இன்றைய ஹெட்போன்களில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான் இயங்குகின்றன. அவருடைய டி.டி. 48 போரைத் தாண்டி, கம்பெனி ஹைல்ப்ரான் நகருக்குக் குடிபெயர்ந்ததையும் தாண்டி, எழுபது வருஷத்துக்கு மேல் உற்பத்தியில் இருந்தது. சினிமா ஒலிப்பதிவாளர்கள் நாக்ரா டேப் ரெக்கார்டரோடு மாட்டிக்கொண்டு திரிந்தது இதைத்தான்.

வீட்டில் இசைத்தட்டு கேட்க ஹெட்போன் மாட்டலாம் என்று மட்டும் யாருக்கும் அவ்வளவாகத் தோன்றவில்லை. தோன்றியதும் தவறுதலாகத்தான். அமெரிக்காவின் மில்வாக்கியில் ஜான் காஸ் என்பவர் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு டெலிவிஷன் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். சோஃபா வாங்க வைத்திருந்த கல்யாணப் பணம்தான் முதல் என்று சொல்வார்கள். 1958-ல் அவரும் பொறியாளர் மார்ட்டின் லாங்கும் கையடக்க ஸ்டீரியோ கிராமபோன் ஒன்றை உள்ளூர் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்தவருக்குத் தொந்தரவில்லாமல் கேட்கலாம் என்று காட்ட, சின்ன ஸ்பீக்கர்களைக் கிண்ணங்களில் வைத்துக் கட்டிய ஒரு ஹெட்போனையும் கூட வைத்தார்கள். கூட்டம் கிராமபோனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஹெட்போன் விலை என்ன என்று கேட்டது. எஸ்.பி./3 என்ற அந்த மாடலிலிருந்துதான் ஸ்டீரியோ ஹெட்போன் வியாபாரம் கிளம்பியது. 1966-ல் பீட்டில்ஸ் படம் ஒட்டிய ஹெட்போன் கூட விற்றார்கள்.

ஸ்டுடியோக்களில் இதற்குள் வேறொரு தேவை முளைத்திருந்தது. 1957-ல் ஆம்பெக்ஸ் நிறுவனம் கித்தார் கலைஞர் லெஸ் பாலுக்கு எட்டு டிராக் ரெக்கார்டர் செய்து கொடுத்தது. முதலில் பதிந்ததைக் கேட்டுக்கொண்டே அதன்மேல் இன்னொன்றைப் பாடலாம், வாசிக்கலாம். ஆனால் கேட்பது வெளியே கசிந்தால் மைக் அதையும் பிடித்துவிடும். ஆகவே காதை முழுக்க மூடும் கிண்ணம். கோடம்பாக்கத்திலும் இதே மாற்றம்தான்: வாத்தியக்காரர்களும் பாடகரும் ஒரே கூடத்தில் நின்று ஒரே மூச்சில் பதிவு செய்த காலம் போய், பாடகர் கண்ணாடி அறைக்குள் தனியே நிற்க, தபலாவும் வயலினும் டிராக்காக அவர் காதுக்கு மட்டும் வர ஆரம்பித்தன.

மூடுவதற்கு நேர் எதிரான யோசனை ஹானோவர் அருகே பிறந்தது. சென்ஹைசர் 1968-ல் விட்ட எச்.டி. 414-ல் கிண்ணத்தின் முதுகு திறந்திருந்தது. காதில் படுவது மஞ்சள் ஸ்பாஞ்ச். ஒலி உள்ளேயே மோதித் திரும்பாததால் இசை தலைக்குள் அடைபடாமல் சற்று வெளியே விரிந்தது. ஒரு கோடிக்கு மேல் விற்றது. மிக்ஸிங் செய்பவர்களுக்கும், வீட்டில் அமைதியாக உட்கார்ந்து கேட்பவர்களுக்கும் திறந்த வகை பிடித்துப்போன கதை இது. பக்கத்து இருக்கைக்காரருக்கும் முழுப் பாட்டும் இலவசம் என்பதால் பஸ்ஸுக்கு ஆகாது.

வியன்னாவின் ஏ.கே.ஜி. நடுவழி எடுத்தது. பாதி திறந்த கே 240, 1970-களில் வந்து ஸ்டுடியோ சுவர்களின் ஆணிகளில் நிரந்தரமாகத் தொங்கியது. 600 ஓம், டெலிபோன் லைன்களிலிருந்து ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு வந்த பழைய அளவு. ஓம் அதிகமென்றால், ஒரே ஆம்ப்ளிஃபையரில் பத்துப் பேர் சொருகினாலும் அது திணறாது. கூடத்துக்கு அது வசதி. உங்கள் மொபைலுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் மொபைல் தரக்கூடிய வோல்டேஜ் குறைவு. அதிக ஓம் என்றால் உயர்ந்த தரம் என்று நினைத்து 250 ஓம் வாங்கி, போனில் மாட்டி, சத்தமே போதவில்லை என்று புலம்புகிறவர்கள் ஏராளம். பேயரின் இன்றைய டி.டி. 770 மாடலையே 32, 80, 250 என்று மூன்று ஓம்களில் விற்கிறார்கள். போனுக்கு 32, ஆம்ப் இருந்தால் 250. கே 240-ன் இரட்டை வளைவுத் தலைப்பட்டையை அப்படியே நினைவூட்டும் தைவான் கம்பெனி ஹெட்போன் ஒன்று பல வருஷமாகப் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. நகல்தான், ஆனால் கையில் காசில்லாத மாணவருக்கு நான் அதைத் தயங்காமல் சொல்வேன்.

1979-ல் சோனி வாக்மேன். பயணத்தில் இசை கேட்கும் கருவி வேண்டும் என்று நிறுவனர் இபுகா கேட்டபோது, அதே நிறுவனத்தின் வேறொரு பிரிவு 50 கிராம் எடையில் ஒரு ஹெட்போனைத் தற்செயலாக உருவாக்கிக்கொண்டிருந்தது. அப்போதைய ஹெட்போன்கள் 300, 400 கிராம். இரண்டும் சேர்ந்தன. டிரான்சிஸ்டர் ரேடியோவில் இருந்த 3.5 மி.மீ. ஓட்டை ஸ்டீரியோவாகி உலகம் முழுக்கப் பரவியதும் அப்போதுதான். ஜெர்மனியில் பிறந்து பிரேசிலில் வளர்ந்த ஆன்ட்ரியாஸ் பாவெல், இடுப்பில் கட்டும் ஸ்டீரியோவுக்கு 1977-லேயே இத்தாலியில் காப்புரிமை கேட்டிருந்தார். சோனியோடு அவர் வழக்காடி ஒரு தீர்வுக்கு வர இருபது வருஷத்துக்கும் மேல் ஓடிவிட்டது.

வாக்மேன் செய்த சோனியே 1985-ல் மடித்து வைக்கக்கூடிய எம்.டி.ஆர். வி6-ஐயும், 1991-ல் அதன் தம்பி 7506-ஐயும் கொண்டுவந்தது. ஒலி வேலை செய்பவர்களுக்குச் செய்தது: மூடிய கிண்ணம், 63 ஓம், மேசைக்கும் கேமராவுக்கும் நடுவே இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் சுருள் ஒயர். குரலின் சீறலையும் மைக்கின் இரைச்சலையும் முன்னால் தள்ளிக் காட்டும். பிழை கண்டுபிடிக்க வேண்டியவருக்கு அது வரம். ராத்திரி ஒரு மணி நேரம் நிம்மதியாகப் பாட்டுக் கேட்க நினைப்பவருக்குக் கொஞ்சம் கூர்மை. ஆடியோ டெக்னிகாவின் ஏ.டி.எச். எம்50 2007-ல் பேஸைச் சற்றுக் கூட்டி, வேலைக்கும் வீட்டுக்கும் பொதுவாக நின்றதால்தான் அப்படிப் பரவியது. ஒன்றே ஒன்று வாங்கி இரண்டுக்கும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இந்த ரகமே என் சிபாரிசு.

2016-ல் ஐபோன் 7 அந்த 3.5 ஓட்டையை மூடியது. மற்றவர்கள் கேலி செய்துவிட்டு ஓரிரு வருஷத்தில் தாங்களும் மூடினார்கள். புளூடூத்தில் பாட்டுக் கேட்க எந்தக் குறையும் இல்லை. பாடுகிறவருக்குத்தான் சிக்கல்: ஒலி சுருங்கி, பறந்து, விரிந்து காதுக்கு வருவதற்குள் நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், நழுவிவிடும். தன் குரலையே தாமதமாகக் கேட்டுக்கொண்டு யாரும் தாளத்தில் நிற்க முடியாது. ஸ்டுடியோவில் ஒயர் இன்னும் தொங்குவதற்கு இதுதான் காரணம். ஓட்டை இல்லாத போனில் அதைச் சொருக, நாம் யு.எஸ்.பி.-சி டாங்கிள் ஒன்று தேட வேண்டியிருக்கிறது.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். காது மெத்தையின் தோல் ஓரிரு வருஷத்தில் உரிந்து கழுத்தில் கறுப்புத் துகளாகக் கொட்டும். மாற்று மெத்தை கிடைக்கிற மாடலாக இருக்க வேண்டும். ஒயரும் எப்படியும் ஒருநாள் அறும். 2014-ல் வந்த எம்50எக்ஸில் கழற்றி மாற்றிவிடலாம். 7506-ல் அது உடம்போடு ஒட்டிப் பிறந்தது. அதை வாங்குகிறவர்கள் ஈயம் வைத்துப் பற்றவைக்கத் தெரிந்த நண்பர் ஒருவரையும் சேர்த்துத் தேடிக்கொள்வது நல்லது.