யேனாவிலிருந்து கிராஸ்னகோர்ஸ்க் வரை: ஒரு புகைப்பட வில்லையின் வரலாறு

அண்மைக் காலத்திலே புகைப்படத்துறையில் ஈடுபடுவோரிடையே விநோதமானதொரு வழக்கம் பரவியுள்ளது. மிக நவீனமான இலக்கமுறைக் கமராவை வாங்கி, அதற்கென ஆக்கப்பட்ட தன்னியக்க வில்லையைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய வில்லையொன்றை அதிற் பொருத்திக் கையாலே வளையத்தைத் திருப்பிக் குவியப்படுத்துவதே அவ்வழக்கமாகும். இவ்வாறு மறுவாழ்வு பெற்ற வில்லைகளுள் பெருவழக்கிலுள்ளவற்றுள் ஒன்று 'ஹீலியோஸ்-44' என்னும் சோவியத் வில்லை. 58 மில்லிமீற்றர் குவியத்தூரமும் 2 என்னும் துவார இலக்கமும் கொண்ட இதனை 'ஜேர்மன் வில்லையின் பிரதி' என ஒரு தொடரிலே கூறி ஒதுக்கிவிடுவோர் பலர். அக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை அறிய, அதன் பூர்வீகமான யேனா நகரின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

கார்ல் ஸைஸ் என்பார் 1846இல் யேனாவிலே நுணுக்குக்காட்டிகள் செய்யும் சிறு பட்டறையொன்றைத் தொடங்கினார். 1866 முதல் அவரோடு இணைந்து பணியாற்றிய பௌதிகவியலாளர் ஏர்ன்ஸ்ற் அபே, கைப்பழக்கத்தால் நடந்துவந்த அத்தொழிலைக் கணிதத்தின் அடிப்படையில் நிறுவினார். 1884இல் ஒற்றோ ஷொற்றின் கண்ணாடித் தொழிற்சாலையும் அந்நகரிலே தோன்றியது. 1889இல் அபே அமைத்த அறக்கட்டளையே பின்னர் நிறுவனத்தின் உரிமையாளராயிற்று. 1900இல் அங்கு எட்டு மணிநேர வேலைநாள் நடைமுறைக்கு வந்தது. முதலாளித்துவத் தொழிற்சாலையொன்றில் அக்காலத்தில் இது அரிதாகவே காணப்பட்டது.

புகைப்பட வில்லைகளைப் பொறுத்தவரை யேனாவின் பொற்காலம் இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலமாகும். 1932இல் வெளிவந்த 'கொன்ராக்ஸ்' கமராவுக்கென லுட்விக் பேர்ற்றெலே 'ஸொன்னார்' வில்லையை வகுத்தார். 1936இல் தோன்றிய 'எக்ஸாக்ரா' என்னும் தெறிப்புக் கமராவுக்கு வில்லி மேர்ற்றே வகுத்த 'பியோற்றார்' வில்லை பயன்பட்டது. இவ்விரண்டும் ஒரே இடர்ப்பாட்டுக்கு அளிக்கப்பட்ட இரு விடைகள். மேற்பூச்சற்ற கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேற் படும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் தெறிக்கச் செய்யும். பியோற்றாரில் ஆறு கண்ணாடிகள் நான்கு கூட்டங்களாக அமைந்துள்ளமையால் காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. ஆகவே ஒளியில் நான்கில் ஒரு பங்கிற்கு மேல் இழக்கப்படும். அவ்வாறு தெறித்த ஒளியின் ஒரு பகுதி படத்தையே மங்கச் செய்யும். பேர்ற்றெலே கண்ணாடிகளை ஒட்டி மூன்றே கூட்டங்களாக்கி, அப்பரப்புகளை ஆறாகக் குறைத்தார். ஆயினும் ஸொன்னாரின் பின்கண்ணாடி படச்சுருளை மிக நெருங்கி நிற்பது. இடையில் ஆடியொன்று மேலெழுந்து இறங்கவேண்டிய தெறிப்புக் கமராவுக்கு அது ஒவ்வாது. அங்கே பியோற்றார் வகையே ஏற்றது. அதன் குவியத்தூரம் வழமையான 50 ஆக அமையாது 58 ஆக அமைந்ததற்கும் ஆடிக்கு இடம்விடவேண்டிய தேவையே காரணம். 1935இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் ஸ்மகுலா தெறிப்பைக் குறைக்கும் மேற்பூச்சைக் கண்டறிந்தமை பியோற்றார் வகையின் குறைபாட்டைப் பெருமளவு நீக்கிற்று.

இனி 1945. அவ்வாண்டு ஏப்பிரலில் அமெரிக்கப் படைகள் யேனாவைக் கைப்பற்றின. நேச நாடுகளின் உடன்பாட்டின்படி துரிங்கியா மாநிலம் சோவியத் வலயத்துக்கு உரியது. எனவே யூலையில் அதனை ஒப்படைக்குமுன், நிறுவனத்தின் தலைவர்களும் அறிஞர்களுமாக ஏறத்தாழ 80 பேரைக் குடும்பங்களுடன் அமெரிக்கர் மேற்கே கொண்டு சென்றனர். ஒபர்கொக்கனில் எழுந்த மேற்கு ஜேர்மன் ஸைஸ் நிறுவனம் அவர்களாலானது. அடுத்த ஆண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி அதிகாலையில் சோவியத் வலயம் எங்கும் நிபுணர்களின் வீட்டுக் கதவுகள் தட்டப்பட்டன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் குடும்பங்களோடும் தளபாடங்களோடும் புகையிரதத்தில் ஏற்றப்பட்டுக் கிழக்கே அனுப்பப்பட்டனர். யேனாவின் நிபுணர்களும் அவர்களுள் அடங்குவர். தொழிற்சாலையின் இயந்திரங்களிற் பெரும்பாலானவையும் கழற்றப்பட்டுச் சென்றன. கொன்ராக்ஸ் கமராவைச் செய்யும் கருவிகள் கீவ் நகரின் 'ஆர்செனல்' தொழிற்சாலையை அடைந்தன. 1947 முதல் அக்கமரா 'கீவ்' என்னும் பெயருடன் வெளிவரலாயிற்று.

அமெரிக்கர் மூளையை எடுத்தனர், சோவியத்துகள் கையை எடுத்தனர் எனக் கூறும் மரபு உண்டு. அது கேட்க நயமானது. உண்மைக்கு அத்துணை நெருங்கியதன்று. கிழக்கே சென்றவர்களுள்ளும் கணிதம் வல்லோர் இருந்தனர். எவரும் அழைத்துச் செல்லாது யேனாவில் விடப்பட்ட தொழிலாளரே வெற்றுக் கூடங்களில் மீண்டும் வில்லைகளைத் தீட்டத் தொடங்கினர். 1948இல் அரசுடைமையான அத்தொழிற்சாலை 1950களிலும் பியோற்றார் வில்லைகளைச் செய்தது. போரினாற் பேரழிவுற்ற சோவியத் நாடு தான் எடுத்துச் சென்றதை இழப்பீடு எனக் கருதியது. யேனாத் தொழிலாளிக்கோ அது தன் கடைசலியந்திரம் பெட்டியில் அடைக்கப்பட்டதைக் காணும் நாளாயிற்று. இவ்விரு நோக்குகளுள் ஒன்றை மாத்திரம் கொண்டு இவ்வரலாற்றை எழுதுதல் சாலாது.

மொஸ்கோவுக்கு அண்மையிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் ஸொன்னார் வகை 'யூப்பிற்றர்' ஆகவும், பியோற்றார் வகை 1950களின் பிற்பகுதியில் 'ஹீலியோஸ்-44' ஆகவும் உருப்பெற்றன. சோவியத் கண்ணாடிகளின் முறிவுக்குணகம் யேனாக் கண்ணாடிகளினதை ஒத்ததன்று. எனவே வளைவுகளை மீண்டும் கணிக்கவேண்டியிருந்தது. பிரதி எனப்படுவதன் எல்லை இங்கேயே ஐயத்துக்குரியதாகிறது. மேர்ற்றேயின் அமைப்புத்தானும் தனித்துப் பிறந்ததன்று. 1817இல் கவுஸ் தொலைநோக்கிக்கென முன்வைத்த வில்லைச் சோடியை எதிரெதிராக நிறுத்தி, 1896இல் பவுல் ருடோல்ப் 'பிளானார்' வில்லையை ஆக்கினார். 1920இல் ஆங்கிலேயரான லீ அதனை விரிந்த துவாரத்துக்கு ஏற்பத் திருத்தினார். இம்மரபின் ஒரு கண்ணியே பியோற்றார். எனினும், தம் வரைபடங்கள் பிறர் கைக்குச் சென்றதை யேனாவினர் விரும்பி ஏற்றனர் என இதனாற் கொள்ளலாகாது. பறிக்கப்பட்டதும் உண்மை, அதன்பின் கிராஸ்னகோர்ஸ்க்கில் உழைக்கப்பட்டதும் உண்மை.

இரு ஜேர்மனிகளிலும் இயங்கிய ஸைஸ் நிறுவனங்கள் பெயருக்காக நீதிமன்றங்களில் நெடுங்காலம் வழக்காடின. மேற்கு நாடுகளுக்கு அனுப்பிய யேனா வில்லைகளிற் பியோற்றாரை 'பி' எனவும் ரெஸ்ஸாரை 'ரி' எனவும் ஒற்றை எழுத்தாற் குறிக்கும் நிலை கிழக்கிற்கு ஏற்பட்டது. 1971இல் இலண்டனில் உடன்பாடு காணப்பட்டது. ஜேர்மனி ஒன்றிணைந்த பின்னர் 1991இல் நிறுவனங்களும் இணைந்தன.

இதற்கிடையே 1985இல் யப்பானின் 'மினோல்ற்றா 7000' தன்னியக்கக் குவியத்தைத் தெறிப்புக் கமராவின் இயல்பாக்கிவிட, கையாற் குவியப்படுத்தும் வில்லைகள் பெட்டகங்களில் முடங்கின. அவற்றை மீட்டது ஓர் உறுப்பின் நீக்கமே. 2008இல் பானசோனிக் நிறுவனம் ஆடியற்ற கமராவை வெளியிட்டது. ஹீலியோஸின் 42 மில்லிமீற்றர் திருகு வளையத்திலிருந்து படப்பரப்பு வரை 45.46 மில்லிமீற்றர் தூரம் இருத்தல் வேண்டும். 2010இல் வந்த சோனி வளையத்திலோ அத்தூரம் 18 மாத்திரமே. எஞ்சிய 27.46 மில்லிமீற்றரை வெறுங்குழாயொன்று நிரப்பிவிடும். கண்ணாடி எதுவும் வேண்டியதில்லை. தெறிப்புக் கமராக்களில் ஒருபோதும் பொருத்த இயலாதிருந்த, 28.8 மில்லிமீற்றர் தூரத்துக்கு அமைந்த யூப்பிற்றர் வில்லைகளுக்கும் இவ்வாறே வழி பிறந்தது. திரையிற் படத்தைப் பெருப்பித்துக் காட்டும் வசதியும், கூரிய விளிம்புகளை நிறத்தாற் சுட்டும் வசதியும் கைக்குவியத்தை எளிதாக்கின. 2013இல் சோனி வெளியிட்ட கமராக்கள் 24க்கு 36 மில்லிமீற்றர் பரப்பு முழுவதையும் அளித்தபோது, ஹீலியோஸ் தன் பழைய பார்வைக் கோணத்தையும் முழுமையாகப் பெற்றது.

பின்னணி இலைகளிடையே தோன்றும் ஒளிப்பொட்டுகள் படத்தின் நடுவைச் சுற்றிச் சுழல்வதுபோற் காணப்படுதலே இவ்வில்லையின் இன்றைய புகழுக்குக் காரணம். படத்தின் ஓரங்களில் வில்லைச்சட்டம் ஒளிக்கற்றையை வெட்டுவதாலும் முழுமையாகத் திருத்தப்படாத பிறழ்வுகளாலும் அது நிகழ்கிறது. வில்லை வகுப்போர் குறைக்க முயன்ற ஒரு வழுவையே இன்றையோர் விரும்பி வாங்குகின்றனர். சோவியத் தொழிற்சாலைகளின் தரம் சீரானதன்று. ஒரே பெயர் தாங்கிய இரு வில்லைகள் ஒன்றுபோற் படம் தருவதில்லை. எமது நாட்டைப்போன்ற ஈரலிப்பான நாடுகளிற் கண்ணாடிகளிடையே பூஞ்சணமும் படரும். ஆதலால் வாங்குவோர் அதனை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே நோக்குவர். பின்னர் முன்வளையத்திற் பொறிக்கப்பட்ட தொடரிலக்கத்தைப் படிப்பர். அதன் முதலிரு எண்கள் பெரும்பாலும் அவ்வில்லை செய்யப்பட்ட ஆண்டைக் குறிப்பன.